கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, இந்த வருஷம் நீ பேசணும். பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது சொல்லு" என்றார். "என்ன தலைப்புண்ணே?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பத்தியே பேசேன்" என்றார். என் வேலை என்ன என்பது என் அம்மாவுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "பிரஸ்ஸுல கலர் சரியா இருக்கான்னு பாக்கறான்" என்று சொல்லிவிடுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. இந்தக் கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டு, கணிப்பொறித் திரையில் இருக்கும் படம் காகிதத்தில் அதே மாதிரி வந்து இறங்குகிறதா என்று அளந்து பார்க்கும் தொழிலில் இருக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது கலரே இல்லாத படம். கறுப்பு-வெள்ளைப் புகைப்படம். காரணம், நம் சங்கம் பழைய குழுப் படங்களைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறது. வீடு வீடாகக் கேட்டு, பரணிலிருந்தும் பீரோவிலிருந்தும் இறக்கி, ஸ்கேன் செய்து, மலரில் அச்சிடப் போகிறோம். நூலக வராந்தாவில் பெரிதாக மாட்டவும் போகிறோம். நல்ல காரியம். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறங்களை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். "கறுப்பு-வெள்ளைதானே, இதுல என்ன பெரிய சங்கதி?" என்று நீங்கள் நினைக்கலாம். கலர்ப் படத்தில் சின்னத் தப்பு நடந்தால் நிறம் மாறும். கறுப்பு-வெள்ளையில் தப்பு நடந்தால் ஆளே காணாமல் போய்விடுவார்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தக் காலக் குழுப் படங்களை நினைத்துப் பாருங்கள். நடுவில் நாற்காலியில் முதல்வர். இரு பக்கமும் பேராசிரியர்கள், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பின்னால் பெஞ்சு மேல் மாணவர்கள். வரிசையின் கடைசி ஓரத்தில், மரநிழல் விழும் இடத்தில், ஒர்க் ஷாப் உதவியாளர், விடுதிச் சமையல்காரர், வாட்ச்மேன். இப்படிப்பட்ட ஒரு படத்தின் மூலப் பிரதியையும், அது அச்சான மலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தொழில் நிமித்தமாகக் கிடைத்தது. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. நம் கல்லூரி இல்லை. மூலப் படத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஓரத்தில் நின்ற பெரியவரின் மீசை, கன்னத்துச் சுருக்கம், கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி, எல்லாம் இருந்தன. அச்சான பக்கத்தில் அவருடைய சட்டைக்கு மேலே ஒரு கறுப்பு உருண்டை மட்டும் இருந்தது. முதல்வரின் வேட்டி மடிப்புகூட அழகாக விழுந்திருந்தது.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஸ்கேன் செய்தவர் ஒழுங்காகச் செய்தார். டிடிபி செய்தவர் ஒழுங்காகச் செய்தார். மெஷின் ஓட்டியவரும் மையைச் சரியாகத்தான் விட்டிருப்பார். இவர்கள் மூவருக்கும் நடுவில் எண் மட்டும் கைமாறியது; அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது கைமாறவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரே விஷயம்தான்.

128 என்றால் எவ்வளவு?

கணிப்பொறிக்குக் கறுப்பு-வெள்ளைப் படம் என்பது வெறும் எண்களின் கூட்டம். 8 பிட் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. இதுவரை சண்டையில்லை. நடுவில் இருக்கும் 128 எவ்வளவு சாம்பல்? முன்வரிசையில் ஒரு தம்பி "பாதி" என்கிறார். எதில் பாதி என்று கேட்டால்தான் சிக்கல்.

ஒருவர் வந்து, "100 டிகிரி இருக்கு" என்கிறார். உடம்புச் சூடா, உலைத் தண்ணீரா? ஃபாரன்ஹீட் என்றால் லேசான காய்ச்சல், ஒரு மாத்திரை போதும். செல்சியஸ் என்றால் கொதிக்கிற தண்ணீர். எண் ஒன்றுதான், அளவுகோல் தெரியாமல் எண்ணுக்கு அர்த்தமில்லை. 128-ம் அப்படித்தான். காமா 2.2 என்ற அளவுகோலில் 128 என்பது வெள்ளையின் வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம். காமா 1.8 என்ற அளவுகோலில் அதே 128 சுமார் 29 சதவீதம். நம் கண் உணரும் வெளிச்சத்துக்கு 1976-இல் சி.ஐ.இ. என்ற சர்வதேச அமைப்பு வகுத்த எல்-ஸ்டார் என்ற அளவு இருக்கிறது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. அதில் பார்த்தால் முதலாவது 54, இரண்டாவது 61. ஏழு அளவு வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆப்பிள் கணிப்பொறிகள் பல ஆண்டுகள் 1.8-ஐத்தான் வழக்கமாக வைத்திருந்தன, மற்றவை 2.2. ஆப்பிள் 2009-இல் வெளியிட்ட மென்பொருளில்தான் 2.2-க்கு மாறியது. அந்தக் காலத்தில் மேக்கில் அழகாக இருந்த படம் பக்கத்து மேஜைக் கணிப்பொறியில் இருட்டாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பேரும் தங்கள் திரைதான் சரி என்று வாதாடுவார்கள். எண்ணைத் தூக்கிக்கொண்டு அளவுகோலை விட்டுவிட்டு வந்தால் வாதம் முடியவே முடியாது.

அந்த அளவுகோலை எழுதி, படக் கோப்போடு சேர்த்துக் கட்டிவிடும் சீட்டுக்குத்தான் புரொஃபைல் என்று பெயர். இதற்குப் பொது வடிவம் தர 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பை ஏற்படுத்தின. கலர்ப் படத்துக்கான புரொஃபைல் பெரிய சமாச்சாரம்; உள்ளே அட்டவணைகள் எல்லாம் இருக்கும். சாம்பல் படத்துக்கான புரொஃபைல் மிகச் சிறியது. அடிப்படையில் ஒரே ஒரு வளைகோடு: இந்த எண் வந்தால் இவ்வளவு வெளிச்சம். அவ்வளவுதான். அதனால்தான் அதை யாரும் மதிப்பதில்லை. கோப்பைச் செல்பேசியில் அனுப்பும்போதும், ஏதாவது ஒரு செயலியில் சுருக்கும்போதும், அந்தச் சீட்டு கழன்று விழுந்துவிடும். சீட்டு இருந்தாலும் படிக்காத செயலிகள் உண்டு.

இங்கே மாணவர்கள் இரண்டு சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மென்பொருளில் 'அசைன்' என்று ஒரு கட்டளை, 'கன்வெர்ட்' என்று ஒரு கட்டளை. அசைன் என்றால் எண்ணைத் தொடாமல் அளவுகோலின் பெயரை மட்டும் மாற்றுவது. 100 ஃபாரன்ஹீட் என்பதில் ஃபாரன்ஹீட்டை அடித்துவிட்டு செல்சியஸ் என்று எழுதுவது மாதிரி. காய்ச்சல்காரர் கொதித்துவிடுவார். கன்வெர்ட் என்றால் கணக்குப் போட்டு 37.8 செல்சியஸ் என்று எழுதுவது. எண் மாறும், சூடு மாறாது. சீட்டு தொலைந்த கோப்புக்கு அது எங்கே பிறந்தது என்று தெரிந்து அசைன் செய்யலாம். மற்ற எல்லா இடத்திலும் கன்வெர்ட்தான். பார்ப்பதற்குப் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி மெனுவில் ஒன்றாக இருக்கும், குணம் வேறு.

மை பரவும் கணக்கு

இனி அச்சகத்துக்குப் போவோம். ஆஃப்செட் மெஷினில் சாம்பல் மை என்று ஒன்று கிடையாது. கறுப்பு மைதான். சின்னச் சின்னப் புள்ளிகளாக அடித்து, புள்ளி பெரிதானால் இருட்டு, சிறிதானால் வெளிச்சம் என்று கண்ணை நம்ப வைக்கிறோம். ஹாஃப்டோன் என்பது இதுதான். ஒரு பழைய செய்தித்தாளை லென்ஸில் பாருங்கள், தெரியும்.

பிளேட்டில் இருக்கும் புள்ளி அதே அளவில் காகிதத்தில் விழுவதில்லை. ரப்பர் பிளாங்கெட் அழுத்தும்போது மை கொஞ்சம் பிதுங்கும். காகிதம் உறிஞ்சும்போது கொஞ்சம் பரவும். இது போதாதென்று, காகிதத்துக்குள் நுழைந்த வெளிச்சம் சிதறி, புள்ளிக்கு அடியில் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் போகும். அதனாலும் புள்ளி பெருத்த மாதிரி தெரியும். இந்த வெளிச்சக் கணக்கை யூல், நீல்சன் என்ற இருவர் 1951-இல் எழுதினார்கள். அடர்த்தியை அளந்து புள்ளியின் அளவைக் கண்டுபிடிக்கும் மரே-டேவிஸ் சூத்திரம் அதற்கும் முன்னால், 1936-லேயே வந்துவிட்டது. ஆக, இது புதிய வியாதி இல்லை. அச்சகத்தில் இதற்கு டாட் கெயின் என்று பெயர்.

டாட் கெயின் 20 என்றால், கோப்பில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி காகிதத்தில் 70 சதவீதமாகத் தெரியும். மற்ற இடங்களில் எப்படி? ஒரு எளிய வளைகோட்டை வைத்துக் கணக்குப் போட்டால், 80 சதவீதப் புள்ளி சுமார் 93 ஆகும். 90 சதவீதப் புள்ளி சுமார் 97 ஆகும். கவனியுங்கள். கோப்பில் 80-க்கும் 90-க்கும் பத்து வித்தியாசம் இருந்தது. காகிதத்தில் நான்குதான் மிச்சம். அந்த 80 ஒருவருடைய கன்னம் என்றும், 90 அவருடைய தலைமுடி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உருண்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அதே நேரத்தில் வெள்ளை வேட்டியின் 5 சதவீதப் புள்ளி 9 ஆகி, மடிப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இதற்கு மருந்தும் புரொஃபைல்தான். போட்டோஷாப்பில் சாம்பல் படத்துக்கு டாட் கெயின் 10, 15, 20, 25, 30 என்று வரிசையாக இருக்கும். அமெரிக்க அச்சு முறையை ஒட்டி, வழக்கமாக 20-இல் உட்கார்ந்திருக்கும். "காகிதத்தில் புள்ளி இவ்வளவு பெருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கன்வெர்ட் செய்யும்போது அந்த அளவுக்கு எண்ணைக் குறைத்து வைத்துவிடும். ஆனால் நம் ஊர் மேப்லித்தோ காகிதமும், அச்சடிக்கும் மெஷினும் 20 என்று யார் சொன்னது? அச்சகத்தைத்தான் கேட்க வேண்டும். கேள்வி ரொம்பச் சுலபம். "அண்ணாச்சி, பிளேட் கர்வ் எல்லாம் போட்ட பிறகு, உங்க மெஷின்ல இந்தப் பேப்பர்ல 50 பர்சென்ட் புள்ளி எவ்வளவா வருது?" சிவகாசியிலும் சென்னையிலும் டென்சிட்டோமீட்டர் வைத்திருக்கும் அச்சகங்களில் இதற்குப் பதில் உண்டு. "அதெல்லாம் பார்த்ததில்லைங்க" என்று பதில் வந்தால் கோபிக்க வேண்டாம். 0, 10, 20 என்று 100 வரை சாம்பல் கட்டங்கள் உள்ள ஒரு பட்டையை அதே காகிதத்தில் ஓட்டித் தரச் சொல்லுங்கள். அதை அளந்தால் விடை கிடைத்துவிடும்.

"பிளேட் கர்வ் போட்ட பிறகு" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். மை பரவும் என்று பிளேட் எடுப்பவர் ஒரு முறை குறைப்பார். அது தெரியாமல் டிடிபி செய்பவரும் அதே காரணத்துக்காக இன்னொரு முறை குறைப்பார். படம் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வெளிறிப் போகும். இரண்டு பேரும், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால் கரி பூசிய மாதிரி வரும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தின் கறுப்பு

டாட் கெயினைச் சரி செய்தாலும் இன்னொரு சங்கடம் பாக்கி. கறுப்பு மை எல்லாக் காகிதத்திலும் ஒரே கறுப்பாக இருக்காது. மேலே சொன்ன எல்-ஸ்டார் அளவில் பாருங்கள். பளபளப்பான இங்க்ஜெட் புகைப்படத் தாளில் நல்ல கறுப்பு 5-க்குப் பக்கத்தில் வரும். மலரில் படங்களுக்குப் போடும் ஆர்ட் பேப்பரில் ஒற்றைக் கறுப்பு மை சுமார் 16. பூச்சில்லாத மேப்லித்தோ மாதிரித் தாளில் சுமார் 31. நியூஸ்பிரிண்டில் 36. அதாவது செய்தித்தாளின் கறுப்பு உண்மையில் அடர் சாம்பல். பக்கத்தில் வெள்ளை இருப்பதால் நம் கண் அதைக் கறுப்பு என்று ஒத்துக்கொள்கிறது.

இப்போது நம் பெரியவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். மூலப் புகைப்படத்தில் அவர் முகம் 35, தலைமுடி 18, பக்கத்தில் நிற்பவரின் கோட்டு 12 என்று வையுங்கள். மேப்லித்தோவில் 31-க்குக் கீழே எதையும் அச்சிட முடியாது. கிடைக்காததை எல்லாம் வெட்டிவிட்டால், முகம் 35, முடி 31, கோட்டும் 31. முடியும் கோட்டும் ஒன்றாகிவிட்டன. முகத்துக்கும் முடிக்கும் 17 இருந்த இடைவெளி நான்காகிவிட்டது.

வேறு வழி இருக்கிறது. மூலத்தின் கறுப்பை காகிதத்தின் கறுப்பின் மேல் கொண்டுபோய் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மேலே தள்ளி உட்கார வைப்பது. பஸ்ஸில் இடமில்லை என்று கடைசி வரிசைக்காரர்களை இறக்கிவிடாமல், எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருவது மாதிரி. மென்பொருளில் இதற்கு பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் என்று பெயர். வெகுகாலம் போட்டோஷாப்பின் ஒரு சின்னக் கட்டமாக இருந்தது, 2015-இல் ஐ.எஸ்.ஓ. 18619 என்ற தரமாகவே வெளிவந்தது. இந்த முறையில் அதே படத்தைக் கணக்குப் போட்டால், முகம் சுமார் 44, முடி 35, கோட்டு 33. முகத்துக்கும் முடிக்கும் ஒன்பது அளவு இடைவெளி. மூலத்தில் இருந்த 17 இல்லைதான். ஆனால் நான்கு இல்லை, ஒன்பது. மீசை தெரியும். கண் தெரியும். பேரன் பார்த்தால், "தாத்தா" என்பான்.

கன்வெர்ட் செய்யும் பெட்டியில் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் அடிப்பதுதான் இத்தனைக்கும் வேலை. செலவு ஒரு பைசா கிடையாது. அதற்குக் கோப்பில் புரொஃபைல் இருக்க வேண்டும், போகுமிடத்தின் புரொஃபைலும் தெரிய வேண்டும். அதனால்தான் இந்தச் சீட்டுக்கு இவ்வளவு மரியாதை.

வெளுப்பாக்குவது வேறு, காப்பது வேறு

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முகம் 35-இலிருந்து 44 ஆனது என்றதும், "அப்போ எல்லாரையும் கொஞ்சம் கலராக்கிடலாமே" என்று யாருக்காவது தோன்றலாம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் கல்யாணப் படத்துக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் வெளுப்பாக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. நான் சொல்வது அது இல்லை. நெருங்கி உட்காரும்போது கோட்டு, முடி, முகம், சுவர் என்று எல்லாமே அதனதன் வரிசையில் நகர்கின்றன. கறுத்தவர் கறுத்தவராகவே இருக்கிறார்; அவர் முகத்தில் இருக்கும் விவரம் அழியாமல் இருக்கிறது. நாம் காப்பாற்ற வேண்டியது நிறத்துக்குள்ளே இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களை. கறுத்த முகத்தில் இருக்கும் விவரங்கள் எல்லாம் வளைகோட்டின் அடிப்பகுதியில் குடியிருக்கின்றன. அச்சில் முதலில் பலியாவதும் அந்த அடிப்பகுதிதான். நாம் பெரும்பாலும் கறுத்த மக்கள். அதனால் இந்தத் தொழில்நுட்பம் யாருக்கு அவசியமோ இல்லையோ, நமக்கு அவசியம்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு படங்கள் இருக்கும். மாலையோடு, மேடையில், செய்தித்தாளில். ஓரத்தில் நிற்பவருக்குச் சில சமயம் வாழ்நாளில் எடுத்தது அந்த ஒரே படமாக இருக்கும். பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்துக் கணிப்பொறியில் பதிந்து வைத்தார்கள். ராஜாக்களின் படங்களை யாராவது பாதுகாப்பார்கள். சாதாரணக் குடும்பங்களின் படங்களை நாம்தான் தேடிப்போக வேண்டும். நம் சங்கம் செய்வதும் சின்ன அளவில் அதே வேலைதான்.

வராந்தாச் சுவருக்கு

நூலக வராந்தாவில் மாட்டப் போகும் பெரிய படங்கள் இங்க்ஜெட்டில் அச்சிடப்படும். அங்கே கதை சற்று வேறு. சாதாரணப் பிரிண்டரில் கறுப்பு-வெள்ளைப் படத்தைப் போட்டால், அது கலர் மைகளைக் கலந்து சாம்பலை உண்டாக்கும். வெயிலில் பார்த்தால் சரியாக இருக்கும். டியூப் லைட்டுக்கு அடியில் போனால் பச்சை அடிக்கும். இல்லை, ரோஸ் அடிக்கும். சாம்பல் புரொஃபைல் இந்த நிறச் சாயலை ஒன்றும் செய்ய முடியாது. அது வெளிச்ச வளைகோடு மட்டும்தானே. சாயலுக்கு மருந்து மையில்தான் இருக்கிறது.

இதற்காகவே சாம்பல் மைகள் வந்தன. அமெரிக்காவில் ஜான் கோன் என்ற அச்சுக் கலைஞர் பல தரச் சாம்பல் மைகளை மட்டுமே வைத்து அச்சிடும் பீஸோகிராஃபி முறையைக் கொண்டுவந்தார். எப்சன் நிறுவனம் 2005-இல் ஆர் 2400 என்ற பிரிண்டரில் கறுப்பு, இளங்கறுப்பு, அதனினும் இளங்கறுப்பு என்று மூன்று தரக் கறுப்பு மைகளையும், கறுப்பு-வெள்ளைக்கென்றே ஒரு தனி அச்சு முறையையும் கொடுத்தது. ராய் ஹாரிங்டன் என்பவர் எழுதிய குவாட் டோன் ரிப் என்ற மென்பொருள் சாம்பல் புரொஃபைல் தயாரிக்கும் வேலையைச் சாதாரணப் பயனாளியின் கைக்கே கொண்டுவந்தது.

செய்முறை நம் ஆய்வகப் பயிற்சி மாதிரிதான். 0-இலிருந்து 100 வரை 5 சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள். அதை, எந்தத் திருத்தமும் நடுவில் புகாமல், நீங்கள் பயன்படுத்தப் போகும் தாளில், அதே அமைப்பில் அச்சிட வேண்டும். திருத்தம் புகாமல் அச்சிடுவதே ஒரு வித்தைதான். 2010-இல் வந்த போட்டோஷாப் சி.எஸ். 5-இல் அந்த வசதியை எடுத்துவிட்டதால், இதற்கென்றே அடோபி தனியாக ஒரு சிறு மென்பொருளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அச்சான தாளை ஒரு நாள் காய விட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து, எண்களைக் கொடுத்தால் புரொஃபைல் தயார். பிறகு அதே பட்டையைப் புரொஃபைலோடு இன்னொரு முறை அச்சிட்டு அளக்க வேண்டும். கட்டங்கள் படிக்கட்டு மாதிரி சம உயரத்தில் இறங்கினால் தேர்ச்சி.

பார்க்கும் வெளிச்சமும் முக்கியம். அச்சுப் பிரதிகளை ஒப்பிடுவதற்கு ஐ.எஸ்.ஓ. 3664 சொல்லும் வெளிச்சம் 2000 லக்ஸ். சாதாரணமாகப் பார்த்து மதிப்பிடுவதற்கு 500 லக்ஸ். நம் நூலக வராந்தாவில் மழைக்கால மாலையில் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒரே ஒரு படத்தை முதலில் அச்சிட்டு, அந்தச் சுவரிலேயே பிடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை அச்சிடுங்கள்.

மலர்க் குழுவுக்குச் சில வார்த்தைகள்

கேள்வி நேரத்தில் கேட்பீர்கள் என்று தெரிந்து, வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. பழைய படம் கறுப்பு-வெள்ளையாக இருந்தாலும் ஸ்கேன் செய்வது கலரில், 16 பிட்டில் இருக்கட்டும். காகிதத்தில் மஞ்சள் கறை என்றால் சிவப்புச் சேனலில் கறை மங்கும். உருவமே மஞ்சளாக மங்கியிருந்தால் நீலச் சேனலில் உருவம் தெளியும். எதை எடுப்பது என்று பிறகு முடிவு செய்யலாம். சாம்பலாகவே ஸ்கேன் செய்தால் அந்த வாய்ப்புப் போயிற்று.

2. 8 பிட்டில் 256 படிகள். 16 பிட்டில் 65,536 படிகள். இருட்டுப் பகுதியை மேலே தூக்கும்போது இந்தக் கூடுதல் படிகள்தான் முகத்தில் திட்டுத் திட்டாக விழாமல் காப்பாற்றும். 8 பிட்டுக்கு இறங்குவது கடைசி வேலை.

3. மூலக் கோப்பை டிஃப் வடிவில், புரொஃபைலோடு, தனியாக வையுங்கள். அதைத் திருத்தக் கூடாது. அச்சகத்துக்கு ஒரு பிரதி, சுவருக்கு ஒரு பிரதி, இணையத்துக்கு ஒரு பிரதி என்று ஒவ்வொன்றையும் அந்த மூலத்திலிருந்தே ஒரே ஒரு முறை கன்வெர்ட் செய்யுங்கள். பிரதியிலிருந்து பிரதி எடுக்க வேண்டாம். படம் கைமாறுவது பென் டிரைவில் இருக்கட்டும். செல்பேசிச் செய்தியில் வேண்டாம்.

4. ஆர்ட் பேப்பரில் 150 கோடு ஸ்கிரீன் என்றால் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். அதற்கு மேல் கொடுப்பதால் அழகு கூடாது.

5. மலரில் மற்றப் பக்கங்கள் நான்கு கலரில் இருந்தாலும், பழைய படங்களை ஒற்றைக் கறுப்பு மையில் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு மையில் போட்டால் ஒரு மை கொஞ்சம் ஏறினாலும் பேராசிரியர் பச்சையாகிவிடுவார். குழுப் படங்களுக்காவது ஆர்ட் பேப்பர் போடுங்கள். மேப்லித்தோவின் 31-ஐயும் ஆர்ட் பேப்பரின் 16-ஐயும் நினைவில் வைத்தால், அந்தக் கூடுதல் செலவு எதற்கென்று பொருளாளர் அண்ணன் ஒப்புக்கொள்வார்.

6. புரூஃப் பார்க்கும்போது நடு நாற்காலியைப் பார்க்காதீர்கள். வரிசையின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். அங்கே கண் தெரிந்தால் படம் முழுக்கச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் எண்களோடுதான் வாழப் போகிறீர்கள். சென்சாரிலிருந்து ஓர் எண் வரும், சர்வரிலிருந்து ஓர் எண் வரும், மேலாளர் ஓர் எண்ணைக் கொண்டுவந்து மேஜையில் போடுவார். "எந்த அளவுகோலில்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. நம் பேராசிரியர்கள் விடைத்தாளில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண்ணைக் குறைத்தார்களே, அதன் நியாயம் எனக்கு இந்தத் தொழிலில்தான் முழுசாக விளங்கியது. நீங்கள் அனுப்பும் எண்ணை வாங்கிக்கொள்பவர் வேறு ஊரில், வேறு மெஷினில் இருப்பார். அதற்கு என்ன பொருள் என்பதையும் சேர்த்து அனுப்புவது பொறியாளனின் பொறுப்பு.

சாம்பல் பட்டைகள், பழைய குழுப் படங்கள் என்று யாராவது வேலை செய்து பார்க்க விரும்பினால், இன்று மாலை வரை இங்கேதான் இருப்பேன். அளக்கும் கருவியையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.